ஆய்வாளர் இறங்கும் வரை

வாதி லௌஸ் என்ற ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய. உரிமம் வைத்திருப்பவர்கள் குறைவு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். ஊர் நடுவில் பைன் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுநர் தகுதி உயர்வாரியத்தின் வடக்குக் கிளைதான் இதற்குக் காரணம். வாரியம் இதை மறைத்ததும் இல்லை. வாசலில் "நல்வரவு" என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் "உரிமம் உரிமை அல்ல" என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்கு விளக்கும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பலகையை இப்திஹாஜ் அன்று ஐந்தாவது தடவையாகப் பார்த்தாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வயதில் ஊசி போட ஆரம்பித்தவள். இப்போது பேத்திக்கு நடை வந்துவிட்டது. கணவர் ஹிக்மத்துக்குச் சர்க்கரையால் பார்வை மங்கியதிலிருந்து அவர்களுடைய கார் அத்தி மரத்தடியில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் புதிதாகத் திறந்த சிறு மருத்துவமனைக்கு அவளைத் தலைமை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். பஸ் போகாத ஊர் என்பதால் உரிமம் இருந்தால்தான் வேலை. அதைக் காட்ட வேண்டிய கடைசி நாள் அன்றுதான், வியாழக்கிழமை. அவளால் முடியாவிட்டால் போவதற்கு இர்பித் நகரில் இன்னொரு நர்ஸ் பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

முந்தைய நான்கு தேர்வுகளிலும் அவள் தோற்றதற்குத் தகுந்த காரணங்கள் இருந்தன. முதல் தடவை ஆய்வாளர் உட்காருவதற்கு முன்பே ஸலாம் சொல்லிவிட்டாள்; தேர்வு தொடங்குமுன் பேசியது குறை. இரண்டாவது தடவை ஆட்டு மந்தைக்காக வண்டியை நிறுத்தினாள். பாடத்திட்டத்தில் ஆடு இல்லை. மூன்றாவது தடவை ஆய்வாளர் இடது பக்கம் திரும்பச் சொல்லி வலது பக்கம் கையைக் காட்டினார். அவர் வாயால் சொன்ன பக்கம் அவள் திரும்பினாள். நான்காவது தடவை எந்தத் தவறும் செய்யவில்லை. அதிகப்படியான தன்னம்பிக்கை என்று எழுதித் தோற்கடித்தார்கள்.

நான்கு தடவையும் ஒரே ஆய்வாளர்தான். முதன்மை ஆய்வாளர் முஃப்லிஹ். கனத்த உடம்பு, சாயம் பூசிய மீசை. கோடையிலும் வாரியத்தின் நீலக் கோட்டு. மடியில் ஒரு அட்டை, கையில் ஒரு பேனா. எதிரில் இருப்பவரை அவர் "நீங்கள்" என்று சொல்வதில்லை. "விண்ணப்பதாரர் பெல்ட்டைப் போட்டுக்கலாம்" என்பார், விண்ணப்பதாரர் அடுத்த தெருவில் இருப்பதுபோல.

வாரியத்தின் விதிகள் தடித்த புத்தகம். அதில் இரண்டு விதிகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் கதவைத் திறந்து ஏறி உட்காரும்போது தேர்வு தொடங்கும். அதே கதவைத் திறந்து அவர் தரையில் இறங்கும்போது முடியும். முடிவைத் தரையில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. முன்பு ஒரு ஆய்வாளர் வண்டிக்குள்ளேயே "தோல்வி" என்று சொன்னபோது, விண்ணப்பதாரர் அவரைப் பாலைவனத்து ஓரம் வரை கொண்டுபோய் மறுபடி யோசிக்கச் சொன்னதால் வந்த விதி. தேர்வு முடியும்வரை வண்டிக் கதவுகளைப் பூட்டித் திறக்கும் இரண்டாவது ரிமோட் ஆய்வாளர் பையில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்த விதி வருவதற்கும் ஒரு ஆய்வாளர் வண்டிக்குள் பூட்டப்பட்டு வெயிலில் வெந்திருந்தார்.

வண்டி அபூ ஸுஹைருடையது. அவர் ஊரில் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். ஒல்லியான மனிதர், எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் போகிறவர் போன்ற முகம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயந்துபோய் நடுவழியில் குதித்து ஓடுகிறார்கள் என்று அந்தப் பழைய வெள்ளை வண்டியின் உள்பக்கப் பூட்டுக் குமிழ்களைக் கழற்றியிருந்தார். கண்ணாடிகளையும் நான்கு விரல் அகலத்துக்கு மேல் இறங்காதபடி கட்டை வைத்து அடைத்திருந்தார். பின்பக்கக் கதவுகள் எப்போதோ இறுகிப்போனவை. பாதுகாப்பில் தமது பள்ளிக்கு ஈடில்லை என்பது அவருடைய விளம்பரம்.

காலையில் முஃப்லிஹ் ஏறினார். ரிமோட்டைக் கோட்டின் கீழ்ப்பையில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தினார். இப்திஹாஜ் அவர் ஸலாம் சொல்லும்வரை காத்திருந்து பதில் சொன்னாள். வண்டி வளாகத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு இறங்கியது. காபிக் கூஜா சிலை நிற்கும் வட்டத்தைச் சுற்றி, பள்ளிக்கூடச் சரிவில் ஏறி, திரும்பி வளாகத்துக்கு வருவதுதான் தேர்வுப் பாதை. வழியில் அவர் அட்டையின் மேல் குனிந்து எதையோ எழுதும்போதெல்லாம் வண்டிக்குள் "டுக்" என்று ஒரு சத்தம் வந்தது. பழைய வண்டிக்கு ஆயிரம் சத்தம் என்று அவள் விட்டுவிட்டாள்.

வளாகத்துக்கு வந்து கோட்டுக்குள் நிறுத்தினாள். முஃப்லிஹ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கதவின் கைப்பிடியை இழுத்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு, கைப்பிடி விதியைப் படிக்கட்டும் என்று அவகாசம் கொடுப்பவர்போலச் சற்றுநேரம் அதையே பார்த்தார்.

"விண்ணப்பதாரர் கதவைத் திறக்கலாம்" என்றார்.

அவள் பக்கத்துக் கதவும் திறக்கவில்லை. அபூ ஸுஹைர் சாவியோடு ஓடி வந்து அவளுடைய கதவுத் துளையில் திருப்பினார். "டுக்" என்று எல்லாப் பூட்டும் விடுபட்டன. முஃப்லிஹ் தோளைக் கொடுத்துக் கதவின் மேல் சாய்ந்தார். உடனே இன்னொரு "டுக்". மறுபடி பூட்டிக்கொண்டது. மறுபடி திருப்பினார், மறுபடி சாய்ந்தார், மறுபடி பூட்டியது.

தானாகவே பூட்டிக்கொள்கிறது என்று அபூ ஸுஹைர் கண்ணாடி இடுக்கில் வாயை வைத்துச் சொன்னார். வெளியிலிருந்து இழுத்துத் திறக்கட்டுமா என்றும் கேட்டார். தேர்வு நடக்கும் வண்டியின் ஆய்வாளர் கதவை வெளியாள் தொடக்கூடாது என்று முஃப்லிஹ் நினைவூட்டினார். சாவித் துளை வரைக்கும்தான் வாய்மொழி அனுமதி.

அத்தோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. தேர்வு முடியவில்லை. தேர்வு முடியாத வண்டி வளாகத்தில் ஒரு சிகரெட் புகைக்கும் நேரத்துக்கு மேல் நின்றால், விண்ணப்பதாரர் தேர்வைக் கைவிட்டதாகப் பொருள். அதனால் இப்திஹாஜ் மறுபடி வண்டியைக் கிளப்பி, கடைத்தெரு, காபிக் கூஜா, பள்ளிக்கூடச் சரிவு என்று இன்னொரு சுற்றுப் போய்வர வேண்டியதாயிற்று. முஃப்லிஹ் அந்தச் சுற்றிலும் குறைகள் எழுதினார். "டுக்" என்று சத்தமும் வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது தொழில்நுட்பப் பிரிவு தயாராக நின்றது. அதன் தலைவர் கண்ணாடி போட்ட இளம் பொறியாளர். முழங்கை வரை கையுறை. முதலில் கதவு உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்யப் புறப்பட்டார். அது உறுதியாவதற்குள் இப்திஹாஜ் இன்னொரு சுற்றுப் போய் வந்துவிட்டாள். பிறகு ஒரு ஃபியூஸைப் பிடுங்கினார், ரேடியோ நின்றது. அடுத்ததைப் பிடுங்கினார், மழை துடைப்பான்கள் வெயிலில் ஆட ஆரம்பித்தன. அதைத் திருப்பி வைத்தபோது ரேடியோ வந்தது, துடைப்பான் நிற்கவில்லை. பேட்டரியின் வயரைக் கழற்றிப் பார்க்கலாமென்று அபூ ஸுஹைர் சொன்னார். கழற்றினால் இன்ஜின் நின்றுபோகும், தேர்வின் நடுவில் இன்ஜின் நின்றால் விண்ணப்பதாரருக்குக் குறை என்று முஃப்லிஹ் சொன்னார். அதற்கு மேலிடத்து அனுமதி தேவைப்பட்டது.

மேலிடம் மாடியிலிருந்து இறங்கி வந்தது. கிளை இயக்குநர் ரஜாயி. அவருக்கு முன்னால் ஒரு நாற்காலி வந்தது, பின்னால் ஒரு குடை வந்தது. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே கூடியிருந்த மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் சேர்த்துப் பேசினார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இங்க ஒரு கதவுகூட அனுமதி இல்லாம பூட்டினது கிடையாது. இந்தக் கதவு பூட்டியிருக்குன்னா, அதுக்கான அனுமதி எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். நாங்க அதைத் தேடிட்டு இருக்கோம். யாரும் பதற வேண்டாம். உள்ள இருக்கிறவங்க முக்கியமாப் பதற வேண்டாம்."

பேட்டரியைக் கழற்ற அனுமதி கொடுத்தார். கழற்றினார்கள். துடைப்பான் நின்றது. கதவு பூட்டியே இருந்தது. திரும்ப மாட்டினார்கள். அபூ ஸுஹைர் சாவியைத் திருப்ப, முஃப்லிஹ் சாய, "டுக்". பூட்டுக்குள் எண்ணெய் அடித்தார்கள். அது முஃப்லிஹின் பேண்ட்டில் வழிந்தது. பொறியாளர் கையுறையைக் கழற்றிவிட்டு, கதவில் கோளாறே இல்லை, அது மிக நன்றாகப் பூட்டுகிறது என்று இயக்குநரிடம் தெரிவித்தார்.

கண்ணாடியை உடைக்கலாமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அபூ ஸுஹைர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். தனியார் சொத்தைச் சேதப்படுத்தத் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார் இயக்குநர். கேட்டு எழுதியாகிவிட்டது; வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பதில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டதும் இப்திஹாஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உரிமத்தில் முத்திரை குத்தும் அறைக்காரர் பிற்பகல் அஸர் தொழுகை அழைப்புக்கு முன்பே பூட்டிவிட்டுப் போகிறவர். அதற்குள் இவர் இறங்க வேண்டும், இறங்கி முடிவு சொல்ல வேண்டும், அதுவும் தேர்ச்சி என்று சொல்ல வேண்டும். மூன்றுமே நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் வியாழக்கிழமைக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் மாட்டிக்கொண்டாள். முன்னாலும் பின்னாலும் ஹாரன். ஜன்னல்களில் உட்கார்ந்து கைதட்டும் இளவட்டங்கள். அவள் வண்டியைச் சந்துகளில் நுழைத்து வெளியே வந்தாள். வழிவிடச் சொல்லி ஒருமுறை ஹாரன் அடித்ததற்கு, சொந்தமில்லாத திருமணத்தில் மகிழ்ச்சி தெரிவித்ததாக முஃப்லிஹ் குறை எழுதினார். அவர் குனிந்தார், "டுக்" என்றது. அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். அட்டை தொந்தியின் மேல். தொந்தி கோட்டுப்பையின் மேல். பைக்குள் ரிமோட்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வளாகத்துக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க பையில இருக்கிற ரிமோட்டு அமுங்குதுன்னு நினைக்கிறேன். நீங்க குனியும்போதெல்லாம் பூட்டுது."

முஃப்லிஹ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாக இயக்குநரிடம், ஆய்வாளரின் உடலமைப்பைப் பற்றி விண்ணப்பதாரர் ஒரு கருத்துத் தெரிவித்திருக்கிறார் என்று முறைப்படி அறிவித்தார். கூட்டம் கிட்டே நெருங்கியது. பொறியாளர் இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

இயக்குநர் ரஜாயி நாற்காலியை வண்டிக்குக் கிட்டே நகர்த்திக்கொண்டார். "நர்ஸம்மா சொல்றது எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தார். "ஆனா அந்த ரிமோட்டு இப்ப யார் பொறுப்புல இருக்கு? வாரியத்தோட பொறுப்புல. வாரியத்தோட பொறுப்புல இருக்கிற பொருள் தப்பு பண்ணும்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு வாரியமே தப்பு பண்ணும்பாங்க. அதுக்கப்புறம் இவ்வளவு வருஷமா நாங்க ஃபெயிலாக்கினவங்க எல்லாரும் கேட்டுக்கு வெளிய வந்து நிப்பாங்க. அதனால காரணம் ரிமோட்டு இல்ல. மத்தபடி எதுவா இருந்தாலும் திறந்த மனசோட விசாரிப்போம்."

ரிமோட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் போதும். ஆனால் எடுத்துவிட்டால் காரணம் ரிமோட் என்று ஆகிவிடும். முஃப்லிஹ் கையைப் பையருகே கொண்டுபோகாமல் மிகக் கவனமாக மடியில் வைத்துக்கொண்டார். சிகரெட் நேரம் முடிந்துவிட்டது. இப்திஹாஜ் கியரைப் போட்டாள்.

அதற்குள் ஊருக்குச் செய்தி பரவியிருந்தது. தக்காளிக் கடைக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைத்தார். காபி விற்பவன் வண்டி வேகம் குறையும் இடம் பார்த்து நின்று, இடுக்கு வழியாகக் குட்டிக் கோப்பையை நீட்டினான். முஃப்லிஹ் குடித்துவிட்டு அடுத்த சுற்றில் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். இதற்கு விதி இருக்கிறதா என்று அவரே யோசித்ததுபோல் இருந்தது.

மதியம் அவர்கள் வளாகத்துக்குத் திரும்பியபோது ஒரு சிவப்பு வண்டி உள்ளே வந்தது. வாரியத்தின் இரண்டு வாகனங்களுக்கு நடுவில், ஒரு ஆள் நுழையத் தயங்கும் இடத்தில், பின்னோக்கி ஒரே வளைப்பில் புகுந்து நின்றது. கூட்டத்தில் நின்ற விண்ணப்பதாரர்களிடமிருந்து மூச்சு விடும் சத்தம் கேட்டது. வண்டியிலிருந்து அகலமான ஒரு பெண்மணி சோற்று அடுக்கோடு இறங்கினார். முஃப்லிஹின் மனைவி, உம்மு லைஸ்.

அவர் யாரிடமும் ஒன்றும் விசாரிக்கவில்லை. அடுக்கைத் திறந்து, தக்காளிச் சாற்றில் வெந்த, அரிசி அடைத்த கூஸாச் சுரைக்காயைக் கண்ணாடி இடுக்கில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திராட்சை இலைச் சுருள்கள் நுழைந்தன. ஒவ்வொன்றாகக் கணவருக்கு ஊட்டினார். பிறகு சுற்றி வந்து இப்திஹாஜுக்கும் நீட்டினார். இப்திஹாஜின் கைகள் காலையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப் போயிருந்தன. இன்னும் ஒரு சுற்றுப் போக வேண்டியிருப்பதைச் சொல்லி, அந்த ஒரு சுற்றை மட்டும் ஐயா இடம் மாறி உட்கார்ந்து ஓட்டினால் சாப்பிட்டுவிடுவேன் என்று தயக்கத்தோடு கேட்டாள்.

"இவரா?" என்றார் உம்மு லைஸ். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவரைக் கொண்டுவந்து விடுறதும் நான்தான், கூட்டிட்டுப் போறதும் நான்தான் கண்ணு. கேட்டுக்கு முன்னாடி பேக்கரிகிட்டயே இறங்கிக்குவாரு. யாரும் பார்த்துடக் கூடாதாம்."

இயக்குநர் ரஜாயி குடையின் கம்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். முஃப்லிஹ் வாயிலிருந்த திராட்சை இலையை விழுங்கிவிட்டு, வாகனம் ஓட்டத் தெரிந்திருப்பது ஆய்வாளரின் நடுநிலையைப் பாதிக்கும் என்று முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில், "விண்ணப்பதாரர் புறப்படலாம்" என்றார்.

காபிக் கூஜா சிலை வந்தபோது முஃப்லிஹ் தானாகவே பேசத் தொடங்கினார்.

"இருபது வயசுல ஒரு தடவை உட்கார்ந்தேன். மாமாவோட வண்டி. நான் முன்னால போகணும்னு நினைச்சேன், அது பின்னால போச்சு. நேரா கனாஃபா இனிப்புக் கடைக்குள்ள. யாருக்கும் அடி இல்ல. ஆனா கோட்டு, மூக்கு, காதெல்லாம் பாகு. ஊர் பூரா சிரிச்சுது, சகோதரி. அப்புறம் இங்க எழுத்தர் வேலை கிடைச்சது. வருஷமாக ஆக மேல ஏத்திட்டே இருந்தாங்க, ஒருநாள் ஆய்வாளர்னு சொல்லிட்டாங்க. ஓட்டத் தெரியுமான்னு யாரும் கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் தன்னைச் சகோதரி என்று கூப்பிட்டதை இப்திஹாஜ் கவனித்தாள். அவர் எழுதிய குறைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஆட்டு மந்தை, இடது திருப்பம், கல்யாண ஊர்வலம். அவர் பயந்த இடங்களில் எல்லாம் பேனா எழுதியிருக்கிறது. அவர் பக்கத்தில் பிரேக் இல்லை. அவரிடம் இருந்தது பேனா மட்டும்தான்.

நெற்றியில் அவருக்கு வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கோட்டின் முதுகு நனைந்திருந்தது. இப்திஹாஜ் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களைச் சட்டை கழற்ற வைத்தவள். கழற்றுங்கள் என்று உத்தரவு போட்டால் கௌரவம் பார்ப்பார்கள். வேறு ஏதோ யோசனையில் இருப்பதுபோல் கையை மட்டும் நீட்டினால் தானாகக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் எதிரே பார்த்தபடியே கையை நீட்டினாள்.

"கோட்டைக் குடுங்கய்யா. நனைஞ்சு போச்சு, பின்னால காயட்டும்."

முஃப்லிஹ் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைப் பின்சீட்டில் விரித்துப் போட்டாள். பையில் ரிமோட் இருப்பது தெரிந்துதான் கொடுத்தாரா என்பது அன்றும் அவளுக்குப் புரியவில்லை. பிறகும் அவள் கேட்கவில்லை. பச்சை விழுந்தது. எதிர்வரிசை நெருக்கமாக வந்துகொண்டிருந்தபோது அவள் இடைவெளி பார்த்து, அந்த வரிசையைக் குறுக்கே கடந்து இடது பக்கம் திரும்பினாள். முஃப்லிஹின் கை பேனாவைத் தேடி நெஞ்சுக்குப் போனது. அங்கே வெறும் சட்டைதான் இருந்தது. பேனா கோட்டில். அவர் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது வண்டி பள்ளிக்கூடச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது; யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவர் மிச்ச வழி முழுதும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

வளாகத்தில் அபூ ஸுஹைர் நம்பிக்கையில்லாமல் சாவியைத் திருப்பினார். "டுக்." முஃப்லிஹ் கதவில் சாய்ந்தார். கதவு திறந்தது. அவர் ஏறக்குறைய விழுந்தார். ஆனால் காலால்தான் விழுந்தார்.

கூட்டம் கைதட்டியது. இயக்குநர் ரஜாயி எழுந்து நின்று, வாரியத்தின் பொறுமைக்கு முன்னால் எந்தக் கதவும் நிலைக்காது என்று இரண்டு வார்த்தை பேசினார். பிறகு முஃப்லிஹின் காதருகே போனார். அவர் கிசுகிசுத்தது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது: இவ்வளவுக்குப் பிறகு தேர்ச்சி கொடுத்தால் நாம் எதையோ மறைப்பதாக நினைப்பார்கள், தோல்வி என்று சொல்லிவிடுங்கள்.

முஃப்லிஹ் கோட்டில்லாமல், எண்ணெய்க் கறையோடு, தரையில் நேராக நின்றார். முத்திரை அறைக்காரர் சாவிக்கொத்தோடு படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இப்திஹாஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"விதிப்படி, வளாகத்துக்குள்ள வந்து நின்னா ஒரு சுற்று முடிஞ்சது" என்றார் முஃப்லிஹ். "ஒரு சுற்றுங்கறது ஒரு தேர்வு. விண்ணப்பதாரர் இன்னைக்குக் காலையிலேர்ந்து எழுதின எல்லாத் தேர்வுலயும் தோல்வி. கடைசித் தேர்வுல மட்டும் குறை எதுவும் பதிவாகலை. பதிவாகாத குறைக்கு மதிப்பெண் கழிக்க விதியில இடம் இல்ல. தேர்ச்சி."

பேனா எங்கே என்று இயக்குநர் கேட்டார். பின்சீட்டில் என்று முஃப்லிஹ் பதில் சொன்னார். இயக்குநர் வாயைத் திறந்தார். அந்த இடத்துக்குப் பொருந்தும் ஒரு விதியை அவர் மனசுக்குள் புரட்டித் தேடுவது எல்லோருக்கும் தெரிந்தது. கிடைப்பதற்குள் உம்மு லைஸ் முத்திரை அறைக்காரரின் கையில் ஒரு கூஸாவை வைத்து, சாப்பிட்டுக்கொண்டே குத்தலாமே என்று அறைக்குள் திருப்பி அனுப்பிவிட்டார். இப்திஹாஜின் உரிமத்தில் முத்திரையோடு கொஞ்சம் தக்காளிச் சாறும் ஒட்டியிருந்தது.

வாரியம் பிறகு முறைப்படி விசாரணை நடத்தியது. இயக்குநர் சொன்னதுபோலவே திறந்த மனதோடு நடத்தினார்கள். கதவு காலையில் வெயில் ஏறும்போது பூட்டியது, வெயில் தாழத் தொடங்கியபோது திறந்தது. ஆகவே காரணம் வெயில். மறுபடி நிகழாமல் தடுப்பதற்காகக் கோடை முடியும்வரை எல்லாத் தேர்வுகளையும் நிறுத்திவைத்தார்கள். அந்த அறிவிப்பை வாசல் பலகைக்குக் கீழே ஒட்டி, அதற்கும் விளக்குப் போட்டார்கள்.

இப்திஹாஜ் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்வர ஆரம்பித்தாள். முதல் வாரம் ஹிக்மத் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத கண்ணால் ரோட்டைப் பார்த்து, பிரேக் பிடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது வாரம் தூங்கிவிட்டார். அதைத்தான் அவள் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

கோடையின் நடுவில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து வண்டியை அத்தி மரத்தடியில் நிறுத்தியபோது, கேட்டுக்கு வெளியே முஃப்லிஹ் நின்றிருந்தார். கோட்டு இல்லை. மீசைக்குச் சாயமும் இல்லை. கையில் ஒரு தட்டுக் கனாஃபா, அட்டை போட்டு மூடியது. இந்தப் பக்கமாக வந்தேன் என்றார். அந்தப் பக்கம் அவருக்குப் போக எந்த இடமும் இல்லை. தெரு மலையில் முட்டி நிற்கிறது. ஹிக்மத் உள்ளேயிருந்து யார் என்று கேட்டார். வாரியத்து ஐயா என்று இப்திஹாஜ் சொன்னாள்.

காபி குடித்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். தேர்வுகள் நின்றுபோனதால் வீட்டில் சும்மா இருப்பதாகவும், தன்னைக் கொண்டுபோய் விடக் காலையில் எழுந்து பழகிவிட்ட மனைவி இப்போது தன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதாகவும் சொன்னார். பிறகு கோப்பைக்குள் பார்த்தபடி, இந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவுதானே என்று கேட்டார். குறைவுதான் என்றாள் அவள். கனாஃபாக் கடை ஏதும் இல்லையே என்றார். இல்லை என்றாள்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முஃப்லிஹ் வண்டியை நோக்கி நடந்து, வழக்கம்போல ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். இப்திஹாஜ் கண்ணாடியில் தட்டினாள்.

"அந்தப் பக்கம் இல்லீங்கய்யா. இந்தப் பக்கம்."

அவர் பெல்ட்டை அவிழ்த்தார். இறங்கினார். வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு, அது எந்த நேரமும் நகர்ந்துவிடக்கூடும் என்பதுபோல ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டே, மெதுவாக நடந்து வந்தார்.